உடைந்த கிண்ணமும் ஒரு துறையின் வரலாறும்

நிழலின் அருமை வெயிலிலே தெரியும் என்பது நம் நாட்டுப் பழமொழி. எம் பாட்டனாரின் அருமை எமக்கு அவர் செய்த வெண்கலக் கிண்ணம் உடைந்த அன்றுதான் தெரிந்தது. அவ்வுடைப்பிலே தொடங்கிய எம் வினா, யாம் சிறிதும் எதிர்பாராத வண்ணம், கடல் கடந்த கேம்பிரிட்ஜ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் உள்ள ஒரு துறையின் வரலாற்றிலே எம்மைக் கொண்டுபோய் விட்டது. அவ்வரலாற்றைக் கல்லூரி அன்பர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயில்வோர்க்கு உலோகநூலில் என்ன வேலை என்று நகைப்பாரும் உளராகலாம். அன்னார் இறுதிவரை படித்துப் பின்னர் நகைப்பாராக.

எம் தாயைப் பெற்ற பாட்டனார் காவிரிக் கரையிலுள்ள சிற்றூரொன்றில் வெண்கலத் தொழில் செய்தவர். தாளமும் கிண்ணமும் செய்வதில் வல்லவர். செம்பையும் வெள்ளீயத்தையும் மூசையிலிட்டு உருக்கி, வட்டமாக வார்த்து, அவ்வட்டத்தைச் செந்நிறம் ஏறும்வரை உலையிற் காய்ச்சி அடிப்பார்; ஆறினால் மீண்டும் காய்ச்சி மீண்டும் அடிப்பார். இங்ஙனம் பலமுறை செய்தபின் தட்டையான வட்டம் குழிந்து கிண்ணமாகும். ஈற்றில் ஒருமுறை காய்ச்சி, செம்மை மாறுமுன் அதனை நீர்த்தொட்டியிலே அமிழ்த்துவார். அதற்கு அவர் இட்டு வழங்கிய பெயர் தோய்ச்சல் என்பது. யாம் சிறுவராயிருந்த காலத்து ஒருநாள், "ஏன் தாத்தா தண்ணீரிற் போடுகிறீர்கள்?" என்று வினவினோம். "போடாவிட்டால் அதற்குக் கோபம் வந்துவிடும், தம்பி" என்று சொல்லி அவர் சிரித்தார், யாமும் சிரித்தோம். அவ்வளவில் நின்றது எம் கேள்வி. அதன்பின் அவர் பன்னிரண்டாண்டுகள் வாழ்ந்தும், மறுமுறை யாம் கேட்டோமில்லை.

அவர் மறைந்தபின் உலை அணைந்தது. மாமன்மார் வேறு தொழில் நாடிச் சென்றனர். பட்டடைக் கல்லும் துருத்தியும் விலைப்பட்டன. கிண்ணம் ஒன்று மட்டும் எம் அன்னையாரிடம் எஞ்சியது. காலைக் கஞ்சியை அவர் அதிலேதான் பருகுவார். சென்ற ஆண்டு அது அலமாரியினின்று விழுந்து விளிம்பில் நசுங்கியது. கோடை விடுமுறையிலே அந்நசுங்கலை நிமிர்த்தித் தந்து அன்னையாரை மகிழ்விக்க எண்ணி, கரியடுப்பிலே கிண்ணத்தைச் செந்நிறமாகக் காய்ச்சினோம். பின்னர், மெல்ல ஆறினால் நலமென்று கருதிச் சாம்பலிலே புதைத்து வைத்தோம். மாலையில் எடுத்து மரச்சுத்தியாற் சிறிது தட்டியவளவில், அது கண்ணாடியைப்போலக் கலீரென்று மூன்று துண்டாயிற்று. அன்னையார் ஒரு சொல்லும் கூறாது துண்டுகளைப் பொறுக்கித் துணியில் முடிந்து வைத்தார். அவர் கடிந்திருப்பின் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கல்லூரி திறந்தபின், விடுதியில் எம் அறைக்கு அடுத்த அறையில் உறையும் இரசாயன மாணாக்கராகிய நண்பரிடம் இதனைக் கூறினோம். மறுநாள் அவர் நூல்நிலையத்தினின்று ஒரு பெரிய புத்தகத்தைக் கொணர்ந்து விரித்தார். அதிலே குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் நிறைந்த ஒரு படம் இருந்தது. அடிக்கோட்டிலே செம்பிற் கலந்த வெள்ளீயத்தின் அளவும், பக்கக்கோட்டிலே வெப்பநிலையும் குறிக்கப்பட்டிருந்தன. "உன் கிண்ணத்தின் கதை முழுவதும் இதில் இருக்கிறது" என்று அவர் விளக்கத் தொடங்கினார்.

அவர் கூறியதன் சாரம் இது. நூற்றுக்கு 22 பங்கு அல்லது அதற்குச் சற்று மிகுதியாக வெள்ளீயம் கலந்த வெண்கலம், செந்தழல் நிறமாக இருக்கும்போது அதன் அணுக்கள் ஒருவகை ஒழுங்கில் நிற்கின்றன. அவ்வொழுங்குடைய வெண்கலம் சுத்திக்கு இணங்கும். அதனை மெல்ல ஆறவிட்டால், ஏறத்தாழ 520 பாகை செண்டிகிரேடுக்குக் கீழே அது வேறு இரண்டு வகைப் பொருளாகப் பிரிகின்றது. அவற்றுள் ஒன்று கடினமும் நொறுங்கும் இயல்பும் உடையது. செந்நிறமாக இருக்கையிலேயே நீரில் அமிழ்த்தினாலோ, அப்பிரிவு நிகழ்தற்குக் காலம் கிடைப்பதில்லை. பழைய ஒழுங்கின் பயன் பெரும்பாலும் நிலைத்துவிடுகின்றது. எஃகை நீரில் தோய்த்தால் கடினமாகி எளிதில் உடையும். இவ்வெண்கலமோ தோய்த்தால் உடையாமை பெறும். இரண்டும் நேர்மாறு. பாட்டனார் 'கோபம்' என்றது இதனையே. யாம் அன்பு என்று கருதிச் சாம்பலிலே புதைத்த செயலே கிண்ணத்தை உடைத்தது.

"இப்படத்தை வகுத்தவர் யாவர்?" என்று கேட்டோம். அவர் இரண்டு பெயர்களைச் சொன்னார். அப்பெயர்களைத் தேடி யாம் நூல்நிலையத்திற் கழித்த மாலைப்பொழுதுகளின் பயனே இனி வருவன.

கேம்பிரிட்ஜிலே 1596-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சிட்னி சசெக்ஸ் கல்லூரி என்று ஒன்று உளது. நம் கல்லூரியைப்போல அங்கும் ஒரு சிறிய இரசாயன ஆய்வுக்கூடம் இருந்தது. அதிலே பிரான்சிஸ் ஹென்றி நெவில் என்பார் ஆசிரியராக இருந்தார். கிங்ஸ் கல்லூரியைச் சார்ந்த சார்லஸ் தாமஸ் ஹேகாக் என்பார் அவருடன் சேர்ந்துகொண்டார். நெவில் 1847-லும் ஹேகாக் 1858-லும் பிறந்தவர்கள்; பதினோராண்டு இடைவெளி அவர்கள் நட்பிற்குத் தடையாகவில்லை. உப்பு கலந்த நீர் தூய நீரைவிடக் குறைந்த வெப்பநிலையில் உறைவது போல, ஓர் உலோகத்தில் மற்றோர் உலோகம் கலந்தாலும் உறையும் நிலை தாழுமோ என்பதே அவர்கள் எழுப்பிய வினா. 1889 முதற்கொண்டு சோடியம், வெள்ளீயம் முதலிய உலோகங்களிலே இதனை அளந்து வெளியிட்டனர்.

செம்பு, வெள்ளி, பொன் ஆகியவை உருகும் பெருவெப்பத்தை அக்காலத்தில் நுட்பமாக அளத்தல் அரிது. பாதரசக் கோல் அதற்கு உதவாது. பிளாட்டினக் கம்பியின் மின்தடை வெப்பத்திற்கேற்ப மாறுவதைக்கொண்டு காலண்டர் என்னும் அறிஞர் ஒரு வெப்பமானியை அமைத்திருந்தார். சிட்னி சசெக்ஸ் கல்லூரியிலேயே இருந்த கிரிபித்ஸ் என்பாரும் அம்முறையைத் திருத்தமாக வளர்த்தவர். அக்கருவியைக் கொண்டு ஹேகாக்கும் நெவிலும் 1895-ஆம் ஆண்டளவில் பொன், வெள்ளி, செம்பு முதலியவற்றின் உறைநிலைகளை மிக நுட்பமாக நிறுவினர்.

அதே 1895-ல் ரான்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். உலகம் முழுவதும் கையெலும்பைப் படம் பிடித்து வியந்துகொண்டிருந்த காலத்தில், இவ்விருவரும் அக்கதிரை உலோகத்தினுட் செலுத்திப் பார்த்தனர். சோடியத்தில் அக்கதிர் எளிதிற் புகும், பொன்னிற் புகாது. எனவே, சோடியத்திற் சிறிது பொன்னைக் கலந்து உறையவிட்டுப் படம் பிடித்தபோது, ஒளிபுகா உடம்பென்று உலகம் எண்ணியிருந்த உலோகத்தின் உள்ளே படிகங்கள் கிளைத்து நிற்கும் காட்சி தோன்றியது. 1898-ல் அதனை வெளியிட்டனர்.

ஆயினும் அவர்தம் பெரும்பணி வெண்கலமே. செம்பையும் வெள்ளீயத்தையும் பல்வேறு அளவிற் கலந்து உருக்கி, குறித்த வெப்பநிலைக்கு மெல்ல இறக்கி, அந்நிலையிலே சட்டென்று நீரில் இட்டனர். அங்ஙனம் இடுவதனால் அவ்வெப்பநிலையில் உலோகம் எவ்வாறு இருந்ததோ அவ்வமைதி ஏறக்குறைய அப்படியே நின்றுவிடும். பின்னர்த் துண்டை மெருகிட்டு, அமிலந் தடவி, நுண்ணோக்கியாற் கண்டு படம் பிடித்தனர். இரும்பை மெருகிட்டு நுண்ணோக்கியாற் காணும் வழியை 1860-களிலேயே ஷெபீல்டு நகரத்துச் சார்பி காட்டியிருந்தார். அவ்வழியையும் வெப்பமானியையும் இவர்கள் ஒன்று சேர்த்தனர். கண்டவற்றைத் தொகுத்து 1903-ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் சங்கத்தின் பேக்கர் சொற்பொழிவாக நிகழ்த்தினர். எம் நண்பர் காட்டிய படத்திற்கு அடிப்படை அதுவே.

இவ்விடத்தைப் படித்தபோது யாம் புத்தகத்தை மூடிவைத்துச் சிறிது நேரம் வாளாவிருந்தோம். செந்தழலான வெண்கலத்தை நீரிலே இட்ட அவ்விரு பேராசான்களின் கையும் எம் பாட்டனாரின் கையும் செய்தது ஒரே செயலன்றோ! அவர் கிண்ணம் உடையாதிருத்தற்கு இட்டார். அவர்கள் வெண்கலத்தின் உள்ளியல்பை அறிதற்கு இட்டனர். இன்னுமொன்று: இவர்கள் ஆராய்ந்த அதே ஆண்டுகளையொட்டி, நம் தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ என்பார் நிலத்தை அகழ்ந்து வெண்கலப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டிருந்தார். அவற்றுட் சில வெள்ளீயம் மிகுந்த வெண்கலத்தாலானவை என்று பிற்காலத்து ஆய்வாளர் கண்டுள்ளனர். எனவே, தோய்ச்சல் என்னும் அறிவு நம் நாட்டிற்குப் புதிதன்று, மிகப் பழையது.

பின் ஏன் அங்கே அது ஒரு துறையாக வளர்ந்தது, எம் வீட்டிலே ஓர் உலையோடு அணைந்தது? இவ்வினா எம்மை உறுத்தியமையின் மேலும் படித்தோம்.

1908-ல் நெவில் ஓய்வு பெற்றார். சிட்னி சசெக்ஸ் கல்லூரியின் ஆய்வுக்கூடமும் மூடப்பட்டது. சிறிய கூடம், இரண்டே ஆசிரியர், அவருள் ஒருவர் விலகினார். கதை அங்கே முடிந்திருத்தல் கூடும். முடியாமைக்குக் காரணம் இலண்டன் நகரத்துப் பொற்கொல்லர் சங்கத்தார். 1327-ஆம் ஆண்டிலே அரசரிடம் உரிமைப் பட்டயம் பெற்ற பழஞ்சங்கம் அது. பொன் வெள்ளிகளை மாற்றுப் பார்த்து முத்திரையிடுதல் அவர்தம் வழிவழித் தொழில். அவர்கள் 1908-ல் பொருளுதவி செய்து உலோகநூலுக்கென ஓர் ஆசிரியப் பதவியைப் பல்கலைக்கழகத்தில் ஏற்படுத்தினர். அதில் ஹேகாக் அமர்ந்தார். அதன்பின் அவர்தம் கொடையாலேயே சங்கத்தின் பெயர் தாங்கிய ஓர் ஆய்வுக்கூடமும் எழுந்தது. கையாற் றொழில் செய்தோர் கூட்டமொன்று, தம் தொழிலின் உள்ளே இருப்பதை ஆராயும்பொருட்டு, ஏட்டுக் கல்விக்குரிய ஓரிடத்தில் இடம் வாங்கிக் கொடுத்த செய்தி இது. இதனை எண்ணுந்தோறும் எம் உள்ளம் நெகிழ்கின்றது.

ஹேகாக் 1931-ல் மறைந்தார். அச்சங்கத்தின் பெயரால் பேராசிரியர் பதவியும் அமைந்து, ராபர்ட் சால்மன் ஹட்டன் அதன் முதற் பேராசிரியரானார். அவர் ஷெபீல்டிலே வெள்ளிப் பாத்திரத் தொழில் நடத்திய குடும்பத்திற் பிறந்தவர். பட்டடைக்கும் பாடசாலைக்கும் இடையே சுவரில்லாமை அத்துறையின் பிறவிக்குணம் போலும். ஹட்டனுக்குப்பின் 1945-ல் ஆஸ்டின் என்பார் அப்பதவிக்கு வந்தார்.

இவ்வாறு துறை தவழ்ந்து நடந்த காலத்தில், உலோக ஆராய்ச்சி உலகிலே வேறொரு வினா எழுந்து நின்றது. அஃதாவது, உலோகம் ஏன் வளைகின்றது? ஏன் உடைகின்றது? அணுக்கள் வரிசை வரிசையாக நிற்கும் படிகத்தில் ஒரு வரிசை முழுவதும் ஒருங்கே நழுவ வேண்டுமானால் எவ்வளவு விசை வேண்டும் எனக் கணக்கிட்டுப் பார்த்தால், உண்மையிலே வேண்டிய விசையைவிட அது பல நூறு மடங்கு மிகுதியாக வந்தது. கணக்கும் உலகமும் முரணின. 1934-ல் கேம்பிரிட்ஜைச் சார்ந்த ஜி. ஐ. டெய்லரும், ஒரோவான், பொலானி என்னும் இருவரும் தனித்தனியே ஒரே விடையைக் கண்டனர். விருந்துப் பந்தியிலே விரித்த நீண்ட பாயை ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் நகர்வது அரிது. அதிலே ஒரு மடிப்பை உண்டாக்கி அம்மடிப்பைத் தள்ளிக்கொண்டு போனால் பாய் எளிதில் நகர்ந்துவிடும். அணுவரிசையிலும் அத்தகைய பிசகுகள் உள்ளன. அவை நகர்வதனாலேயே உலோகம் வளைகின்றது என்பது அவர்தம் விடை. குறையற்ற படிகம் என்று உலகம் எண்ணியதிலே குறை இருந்தமையாற்றான் கொல்லன் சுத்திக்கு இரும்பு இணங்குகின்றது என்றறிந்தபோது யாம் வியந்தோம்.

டெய்லரோடு இவ்வழியில் முன்னரே உழைத்தவர் ஒரு மாதர். கான்ஸ்டன்ஸ் ஈலம் என்னும் அவர், பின்னர் டிப்பர் அம்மையார் என வழங்கப்பட்டார். 1923-ல் ஒற்றை அலுமினியப் படிகத்தை இழுத்து அது நீளும் முறையை இருவரும் அளந்தனர். இரண்டாம் உலகப் போரிலே பற்றவைத்துக் கட்டிய அமெரிக்கக் கப்பல்கள் சில குளிர்க்கடலில் திடீரெனப் பிளந்தன. 1943 ஜனவரியிலே ஸ்கெனெக்டடி என்னும் எண்ணெய்க் கப்பல், ஆரிகன் மாகாணத்துப் போர்ட்லண்டு நகரில், அலையற்ற துறையிலே கட்டிவைத்த இடத்திலேயே இரண்டாகப் பிளந்தது. குறை பற்றவைப்பிலே என்று பலரும் கூறினர். கேம்பிரிட்ஜ் பொறியியற் பகுதியில் இருந்த டிப்பர் அம்மையார், அக்கப்பல்களின் எஃகு குறித்த ஒரு குளிர்நிலைக்குக் கீழே வளையும் இயல்பை இழந்து நொறுங்கும் இயல்பை அடைகின்றது என்று காட்டினார். பெண்களுக்கு முழுப்பட்டம் வழங்க அப்பல்கலைக்கழகம் இசைந்தது 1948-லே தான். மறு ஆண்டில் அம்மையார் அங்கே ரீடர் பதவி பெற்றார். அவர் 101 ஆண்டுகள் வாழ்ந்து 1995-ல் மறைந்தார். நம் கல்லூரி மாணவியர் இப்பெயரை நினைவிற் கொள்வாராக.

இவ்வினாக்களையெல்லாம் துறையின் நடுவீட்டிற்குக் கொணர்ந்தவர் ஆலன் காட்ரெல். அணுவரிசைப் பிசகுகளைக் கரியணுக்கள் சூழ்ந்து பற்றிக்கொள்வதனாலேயே எஃகு முதலிற் பணியாமல் நின்று பின்னர்த் திடீரெனப் பணிகின்றது என்று விளக்கிப் புகழ் பெற்றவர் அவர். 1958-ல் அவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியரானார். அதற்கு இரண்டாண்டு முன்னர், 1956-ல், அதே நகரத்துக் காவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் ஹெர்ஷ், ஹார்ன், வீலன் என்னும் மூவர் எலக்ட்ரான் நுண்ணோக்கியாலே அப்பிசகுகள் அலுமினியத்தில் நகர்வதைக் கண்ணாற் கண்டிருந்தனர். இருபத்திரண்டாண்டுகள் கணக்கிலே வாழ்ந்தது காட்சிக்கு வந்தது. காட்ரெல் காலத்திலே துறை பழைய உலோக இரசாயனத்தோடு புதிய பௌதிகத்தையும் தழுவிக்கொண்டது.

அவர்க்குப்பின் ஆஸ்திரேலியா நாட்டிற் பிறந்த ஹனிகோம் 1966 முதல் 1984 வரை தலைமை வகித்தார். எஃகு அவர்க்குரிய பொருள். இதற்குள் உலகமும் மாறிற்று. விமானத்திற்கு இழைகள் புதைந்த கலவைப் பொருளும், மின்கருவிக்குச் சிலிக்கனும், உலைக்கும் எந்திரத்திற்கும் சுட்டமண் வகைப் பொருள்களும் வேண்டியிருந்தன. உலோகம், மண், பிசின் என்னும் வேற்றுமை கடைத்தெருவிற்கே உரியது. உள்ளே அணுக்கள் நிற்கும் ஒழுங்கும் அவ்வொழுங்கின் குறைகளுமே எல்லாவற்றின் குணத்தையும் ஆக்குகின்றன என்ற உண்மை தெளிவாயிற்று. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 1950-களிலேயே ஒரு துறை பொருளறிவியல் என்னும் பெயரைத் தாங்கியது. கேம்பிரிட்ஜிலும் உலோகத் துறை என்றிருந்த பெயர், உலோகவியல் பொருளறிவியல் துறை என விரிந்தது. பின்னர் முறைமாறிப் பொருளறிவியல் உலோகவியல் துறை என நின்றது. பழம்பெயரைத் துறக்காமல் பின்னே நிறுத்திக்கொண்டமை எமக்கு மிகவும் உவப்பாகும்.

ஹனிகோமிற்குப்பின் டெரிக் ஹல், அவர்க்குப்பின் காலின் ஹம்ப்ரீஸ் ஆகியோர் அப்பேராசிரியப் பதவி வகித்தனர். ஹம்ப்ரீஸும் அவர் கூட்டத்தாரும் காலியம் நைட்ரைடு என்னும் பொருளை ஆராய்ந்து, அதனை விலை குறைந்த சிலிக்கன் தட்டின்மேல் வளர்த்து ஒளிதரும் சிறுவிளக்குகள் செய்யும் வழியை வகுத்தனர். ஹனிகோமிற்குப்பின் எஃகாராய்ச்சியை அங்கே வளர்த்த ஹர்ஷத் பதேஷியா, 2008-ல் டாடா எஃகுப் பேராசிரியர் என்னும் பதவியில் அமர்ந்தார். பொற்கொல்லர் கொடையாலே தொடங்கிய துறையில், ஒரு நூற்றாண்டு கழித்து, இந்தியக் குழுமமொன்றின் பெயர் தாங்கிய இருக்கையும் அமைந்தமை காண்க. 2013-ல் துறை நகரின் நடுவிலிருந்த பழைய இடத்தை விட்டு மேற்குப் புறத்துப் புதிய கட்டடத்திற் குடிபுகுந்தது.

வரலாறு இத்துணையே. இதனாற் பெற்றதென்ன என்று எம்மையே யாம் கேட்டுக்கொண்டோம்.

நம் தொல்காப்பியனார் எழுத்து, சொல், பொருள் என நூலை மூன்றாக வகுத்தார். தமிழ்மாணாக்கராகிய எமக்கு உலோகத்தின் அணு எழுத்தாகவும், அணுக்கள் நிற்கும் ஒழுங்கு சொல்லாகவும், அதனின்று பிறக்கும் குணம் பொருளாகவும் தோன்றின. அதே எழுத்துக்கள் இடம் மாறி நின்றால் பொருள் மாறுதல் போல, அதே செம்பும் வெள்ளீயமும் ஒழுங்கு மாறி நின்றமையாற்றான் கஞ்சி தாங்கிய கிண்ணம் கண்ணாடியாயிற்று. இஃது ஒப்புமையே, எனினும் இவ்வொப்புமை கிடைத்தபின் அத்துறை எமக்கு அயலாகத் தோன்றவில்லை.

மற்றொன்று பெரிது. துறை என்பது கட்டடமன்று என்பதற்குச் சிட்னி சசெக்ஸ் கூடமே சான்று. அது மூடப்பட்டும் துறை வாழ்ந்தது. ஒருவர் கண்டதை எழுதிவைத்தார். அடுத்தவர் அதனைப் படித்து ஐயுற்றார். ஐயத்தை மாணாக்கரிடம் ஒப்படைத்தார். இவ்வொப்படைப்பிற்கு ஊதியமும் இடமும் ஒரு சங்கம் கொடுத்தது. எம் பாட்டனார் அறிந்தது ஹேகாக் அறிந்ததிற் பாதியேனும் இருக்கும். ஆனால் அவர் கேட்பாரற்று இருந்தார். கேட்கவேண்டிய மாணாக்கர் யாமே. வீட்டுக்கு வந்த போதெல்லாம் தேர்விற்கு ஓதும் பாட்டுகளை அவர் முன்னர் உரக்க ஓதினோம். அவர் மகிழ்ந்து கேட்டிருந்தார். அவர் பாட்டை யாம் ஒருநாளும் கேட்டோமில்லை. குற்றம் காலத்தினது என்று சொல்லித் தப்பலாம். எம் மனம் அதற்கு ஒருப்படவில்லை.

ஆதலின், அரையாண்டு விடுமுறையிலே அச்சிற்றூருக்குச் சென்றோம். பாட்டனாரிடம் இளமையிலே துருத்தி ஊதிய முதியவர் ஒருவர் இன்னும் உளர். கண் மங்கிவிட்டது, காது கூரியது. "பெரியவர் பேரனா? வா தம்பி, உட்கார்" என்று திண்ணையில் இடங் கொடுத்தார். எட்டு நாட்கள் அவரருகே இருந்து அவர் சொல்லச் சொல்ல எழுதினோம். உருகிய வெண்கலத்தின் நிறங்களுக்கு எத்தனை பெயர், அடிக்கும்போது எழும் ஓசைகளுக்கு எத்தனை பெயர், எந்நிறத்தில் எடுத்து நீரிலிட வேண்டும், எந்நிறத்தில் இடலாகாது என்பனவெல்லாம் அவர் வாயினின்று வந்தன. அச்சொற்களுட் பலவற்றை யாம் பயின்ற அகராதியிற் கண்டோமில்லை. எழுபத்துமூன்று சொற்கள் எம் குறிப்பேட்டில் ஏறியுள்ளன. வெப்பமானி இல்லாதவர்க்கு நிறமே வெப்பமானி என்பதும், நுண்ணோக்கி இல்லாதவர்க்குக் காதே நுண்ணோக்கி என்பதும் அவ்வெட்டு நாட்களில் எமக்கு விளங்கின. கல்லூரிக்குத் திரும்பியதும் இரசாயன நண்பர் அந்நிறப் பெயர்களுக்கு நேரே வெப்பநிலைகளை எழுத முயன்று வருகின்றார். அவரும் யாமும் பாடவேளைக்குப் பின்னர் ஒரு மேசையில் அமர்கின்றோம். அதனைத் துறை என்று சொல்லும் துணிவு எமக்கில்லை.

இதனைப் படிக்கும் மாணாக்க நண்பர் பலருடைய வீடுகளிலும் தறியோ, திரிகையோ, உலையோ, உளியோ அறிந்த முதியோர் இருப்பர். வரும் விடுமுறையில் அவர்களிடம் ஒரு வினாவேனும் கேட்டு, விடையை எழுதிக்கொண்டு வருவீர்களாயின், இம்மலரின் அடுத்த ஆண்டுப் பக்கங்கள் அதற்கு இடந்தரும் என்று நம்புகின்றோம்.

ஒன்று சொல்லாது விட்டோம. ஊரினின்று புறப்படும் நாளில் அம்முதியவர், "உடைந்தாலும் வெண்கலம் வெண்கலந்தான், தம்பி. துண்டுகளைக் கொண்டு வா. மறுபடி உருக்கிக் கிண்ணமாக்கலாம். நான் சொல்கிறேன், நீ அடி" என்றார். வீட்டிற்கு வந்து அன்னையாரிடம் இதனைத் தெரிவித்தோம். அவர் துணிமுடிப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். பின்னர், "முதலில் அவர் சொன்னதை எல்லாம் எழுதி முடி, இதை அப்புறம் தருகிறேன்" என்றார்.

எழுதிக்கொண்டிருக்கின்றோம்.